வன்னியிலிருந்து துருவத்துக்கு: ஆய்வுப் பயணத்துக்குத் தயாராகும் மாணவருக்கு

துருவத்துக்கு ஆய்வுப் பயணம் போக ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் கேட்பது குளிரைப் பற்றித்தான். "எங்கட உடம்பு தாங்குமோ?" தாங்கும். மார்கழி விடியலில் இரணைமடுக் காற்றுக்கே போர்வை தேடுகிற உடம்பும் தாங்கும். குளிர் உடுப்பால் தீருகிற பிரச்சினை. மேல் உடுப்பைப் பெரும்பாலான நாடுகளின் ஆய்வுத் திட்டங்கள் தாங்களே கொடுத்துவிடும். நீங்கள் யோசிக்க வேண்டியது வேறொன்று. கப்பலில் எத்தனை கட்டில், நிலையத்தில் எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று எண்ணித்தான் ஆள் எடுக்கிறார்கள். அதில் ஒரு கட்டிலை உங்களுக்குத் தந்தால் அவர்களுக்கு என்ன வேலை நடக்கும்? இதற்கான பதிலைக் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்தபடியே தயார் செய்யலாம். வெயிலில் நின்று செய்கிற வேலைதான் அதில் பெரும்பங்கு.

எந்தத் துருவம், யாரோடு

இலங்கைக்குத் துருவத்தில் நிலையமும் இல்லை, பனியுடைக்கும் கப்பலும் இல்லை. தென்துருவக் கண்டமான அந்தாட்டிக்கா பற்றி 1959இல் கையெழுத்தான அந்தாட்டிக் ஒப்பந்தத்திலும் நாம் சேரவில்லை. ஆகவே எப்படியும் இன்னொரு நாட்டின் பயணத்தில்தான் இடம் பிடிக்க வேண்டும். அதற்குப் பல வழிகள் இருப்பதுபோலத் தெரியும். நடைமுறையில் பலன் தருவது இரண்டுதான்.

முதலாவது, துருவ ஆய்வு நடக்கிற நாட்டில் மேற்படிப்பு. யப்பானின் தேசிய துருவ ஆய்வு நிறுவனம் தச்சிக்காவாவில் இருக்கிறது. அங்கே கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கலாம், யப்பான் அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலுக்கு இலங்கையர் விண்ணப்பிக்கலாம். ஜேர்மனியில் பிறேமர்ஹாவன் நகரின் அல்பிரட் வேகனர் நிறுவனம், அவுஸ்திரேலியாவில் ஹோபார்ட்டின் தஸ்மேனியப் பல்கலைக்கழகம், நியூசிலாந்தில் கிறைஸ்ட்சேர்ச்சின் கன்ரபரிப் பல்கலைக்கழகம், நோர்வேயில் துரொம்சோ ஆகியவையும் பெயர்பெற்ற இடங்கள். நோர்வேயின் சுவால்பார் தீவுக்கூட்டத்தில், 78 பாகை வடக்கில், லொங்யியர்பியென் என்ற ஊரில் 1993இல் தொடங்கிய ஒரு பல்கலைக்கழக நிலையமே உண்டு. உயிரியல், புவிச்சரிதவியல், புவிப்பௌதிகம், தொழில்நுட்பம் என்று நான்கு துறைகள். வேறொரு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஒரு பருவத்துக்கு அங்கே போகலாம். என்னைக் கேட்டால், முதல் தடவைக்கு அந்தாட்டிக்காவைவிட சுவால்பார்தான் கைக்கெட்டுகிற தூரம். சாதாரண விமானமே போகிறது.

இரண்டாவது, வளரும் நாடுகளின் இளம் ஆய்வாளர்களுக்கான கடற்பயிற்சி. போகோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலகக் கடல் அவதானிப்புக் கூட்டமைப்பு கப்பல் பயிற்சிக்கு இடங்களை அறிவிக்கும். ஜேர்மனியின் பொலார்ஸ்டேர்ன் ஆய்வுக் கப்பலிலும் அப்படி மாணவர்கள் போயிருக்கிறார்கள். அத்திலாந்திக்கில் போனாலும் பரவாயில்லை, போய் வாருங்கள். துருவப் பயணத்துக்கு ஆள் எடுப்பவர்கள் முதலில் பார்ப்பது கப்பலில் வேலை செய்த அனுபவத்தைத்தான்.

சமையல், மின்சாரம், இயந்திரம், வைத்தியம் என்று நிலையங்களில் வேறு வேலைகளும் உண்டு. ஆனால் அவற்றுக்குப் பொதுவாக அந்தந்த நாட்டில் வேலை செய்யும் உரிமை உள்ளவர்களையே எடுப்பார்கள். இலண்டனில் இருக்கிற மச்சானுக்கு இது பொருந்தலாம், ஊரில் இருக்கிற உங்களுக்குப் பொருந்தாது.

ஏபெக்ஸ் என்ற இளம் துருவ ஆய்வாளர் சங்கத்தில் இன்றே சேருங்கள். உறுப்புரிமை இலவசம். பயிற்சி, புலமைப்பரிசில், வெற்றிடம் எல்லாம் அதன் மின்னஞ்சலில் வரும். பல நாடுகள் சேர்ந்து துருவ ஆய்வு நடத்துகிற அடுத்த சர்வதேசத் துருவ ஆண்டு 2032–33க்குத் திட்டமிடப்பட்டிருக்கிறது. இப்போது உயர்தரம் படிக்கிற பிள்ளை அந்த நேரம் மேற்படிப்பில் இருக்கும். அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "மாணவர் துருவப் பயணம்" என்று சொல்லி இலட்சக்கணக்கில் கட்டணம் கேட்பவை பெரும்பாலும் சுற்றுலாக்கள். அவற்றில் தப்பில்லை, ஆனால் அது ஆய்வு வேலை ஆகாது. அந்தாட்டிக்காவுக்கு அனுப்புகிறேன் என்று காசு கேட்கிற முகவர் யாராக இருந்தாலும் கதவைச் சாத்துங்கள்.

குளத்தடியில் தொடங்குங்கள்

கடல்நீர் ஏறக்குறைய −1.8 பாகை செல்சியசில் உறையும், உப்புக் கூடக் கூட உறைநிலை இறங்கும். துருவக் கடலில் இறக்குகிற கருவி முக்கியமாக அளப்பது மூன்று: உப்பு, வெப்பம், ஆழம். இந்த மூன்றையும் நந்திக்கடலிலும் அளக்கலாம். மாரியில் முகத்துவாரம் வெட்டுப்படும்போது உப்பு எப்படி மாறுகிறது என்று ஒரு வருடம் அளந்து பாருங்கள். ஒரே இடம், ஒரே நேரம், ஒவ்வொரு கிழமையும். கையடக்க உப்புமானி விலை கூடிய பொருள் இல்லை, கம்பஸ் ஆய்வுகூடத்தில் இரவலும் கேட்கலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள் இருக்கின்றன. பம்பைமடுவில் 2021 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனியாக இயங்குகிறது. அங்கே ஒரு விரிவுரையாளரைப் பிடித்து, "இந்த அளவுகளைப் பாருங்கோ சேர்" என்று நீட்டுங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவரும் அநேகமாக அவர்தான்.

அளப்பதைவிட முக்கியம் பதிவது. பென்சிலால் எழுதுங்கள், ஏனென்றால் குளிரில் பேனா மை உறையும். திகதி, நேரம், இடம், கருவியின் இலக்கம், எழுதியவர் பெயர் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்க வேண்டும். கப்பலில் உலகப் பொது நேரம்தான் கணக்கு, நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழிக்க இப்போதே பழகுங்கள். பிழையாக எழுதியதை அழிக்காதீர்கள். ஒரு கோடு கீறிப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். ஒரு வருடப் பதிவுப் புத்தகத்தோடு வருகிற மாணவருக்கும், "சூழலியலில் ஆர்வம் உண்டு" என்று மட்டும் எழுதுகிற மாணவருக்கும் இடையில் தேர்வாளர் அதிக நேரம் யோசிக்க மாட்டார்.

இணையம் இருந்தால் துருவத் தரவும் கையில் இருக்கிறது. அமெரிக்கத் தேசியப் பனித் தரவு மையம் 1978 கடைசியில் தொடங்கிய செய்மதிப் பதிவுகளை இலவசமாகத் தருகிறது. நோர்வே துருவ நிறுவனத்தின் குவான்டார்ட்டிக்கா வரைபடத் தொகுப்பை இலவச கியூஜிஐஎஸ் மென்பொருளில் திறக்கலாம். பைதனோ ஆர் என்ற கணினி மொழியோ படித்து, ஆட்டிக் என்ற வடதுருவப் பகுதியின் கடற்பனி செப்ரெம்பர் மாதங்களில் எப்படிச் சுருங்கியது என்று நீங்களே வரைந்து பாருங்கள். 2012 செப்ரெம்பரில் ஏறக்குறைய 34 இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு இறங்கியது உங்கள் வரைபிலும் தெரிந்தால், செய்தது சரி.

புவிச்சரிதவியல் படிப்பவர்களுக்கு இன்னொரு பிடி இருக்கிறது. இலங்கையின் அடித்தளப் பாறைகளைப் பிரிக்கும்போது ஒரு பிரிவுக்குப் புவிச்சரிதவியலாளர் வைத்த பெயரே வன்னித் தொகுதி. கொண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடையும் முன் இந்தத் தீவு கிழக்கு அந்தாட்டிக்காவின் லுட்சோ-ஹோம் விரிகுடாவுக்குப் பக்கத்தில் இருந்தது. யப்பானின் சோவா நிலையம் 1957 முதல் இருப்பது அங்கேதான். வவுனியாப் பக்கத்துப் பாறையைக் கையில் வைத்துக்கொண்டு சோவா பாறையைப் பற்றிக் கேள்வி கேட்கிற மாணவரின் விண்ணப்பம் தனித்துத் தெரியும். கிளிநொச்சிக்கு வடக்கே தேடி அலையாதீர்கள், அங்கே மேலே கிடப்பது சுண்ணாம்புக்கல்.

அப்புறம் ஒரு விஷயம், நம் பிள்ளைகள் வெட்கப்பட்டு எழுதாமல் விடுவது. லாண்ட்மாஸ்டர் ஓட்டத் தெரியும், வாட்டர் பம்ப் கழற்றிப் பூட்டத் தெரியும், ஜெனரேற்றர் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைக்கத் தெரியும், வெளியிணைப்பு இயந்திரப் போட் ஓட்டத் தெரியும். இவை எல்லாவற்றையும் சுயவிவரத்தில் எழுதுங்கள். பனி ஸ்கூட்டர் நின்றுபோன இடத்தில் இந்தக் கைதான் தேவைப்படும். மோட்டார் சைக்கிள், வாகன அனுமதிப்பத்திரங்களை எடுத்து வையுங்கள். செஞ்சிலுவைச் சங்கத்தில் முதலுதவிப் பயிற்சி முடியுங்கள். நீச்சல் தெரியாவிட்டால் பழகுங்கள், குளத்தில் பெரியவர் ஒருவர் கரையில் நிற்க.

கடிதம்

ஆய்வுத் தலைவருக்கு எழுதும் மின்னஞ்சல் ஒரு திரைக்குள் அடங்க வேண்டும். அவருடைய ஆய்வில் எதை வாசித்தீர்கள், நீங்கள் என்ன அளந்திருக்கிறீர்கள், எந்த மாதங்களில் வர முடியும், அவ்வளவுதான். "சிறுவயதிலிருந்தே கனவு" என்ற வரியை வெட்டுங்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். போர்க்காலக் கதையை முன்னால் வைத்து இரக்கம் தேடவும் வேண்டாம். அது உங்கள் வாழ்க்கை. சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். ஆனால் வேலைக்கான தகுதியாக அதைக் காட்டினால், நீங்கள் அளந்த ஒரு வருட அளவுகள் அதன் பின்னால் மறைந்துபோகும். பதில் வராவிட்டால் மூன்று கிழமை பொறுத்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அந்தாட்டிக் கோடை நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை, ஆட்டிக் வேலை பெரும்பாலும் யூனிலிருந்து ஓகஸ்ட் வரை. ஒரு வருடத்துக்கு முன்பே கேட்கத் தொடங்க வேண்டும்.

கடதாசி வேலை

இதில்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் சிக்குகிறார்கள். 2009இல் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ வீடுகளில் பிறப்புச் சான்றிதழ் போய்விட்டது. பிறகு எடுத்த பிரதியில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, சாதாரணதரச் சான்றிதழில் தகப்பன் பெயருக்கு முதலெழுத்து மட்டும். நம் வழக்கத்தில் அது ஒரே ஆள். வெளிநாட்டு விசா அதிகாரிக்கு மூன்று ஆட்கள்.

ஆகவே இடம் கிடைத்த பிறகு இதைத் தொடங்க வேண்டாம், இன்றே தொடங்குங்கள். எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பி, ஆங்கிலத்தில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். வேறுபாடு இருந்தால் பிரதேச செயலகத்தில் கேட்டுத் திருத்துங்கள். திருத்த முடியாததற்குச் சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் உள்ள பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்குங்கள். கடவுச்சீட்டுக்கு பத்தரமுல்லை வரை போகத் தேவையில்லை, வவுனியாவிலும் அலுவலகம் உண்டு. கடவுச்சீட்டில் வருகிற அதே எழுத்துக்கூட்டலையே இனி விண்ணப்பம், மின்னஞ்சல், கட்டுரை எல்லாவற்றிலும் பாவியுங்கள்.

சுவால்பார் போகிறவர்களுக்கு ஒரு பொறி. அந்தத் தீவுகளுக்கு விசா கேட்பதில்லை, ஆனால் நோர்வே பெருநிலம் வழியாகத்தான் விமானம். சுவால்பார், செங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசா வலயத்தின் எல்லைக்கு வெளியே இருப்பதால், போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை செங்கனுக்குள் நுழைகிறீர்கள். ஆகவே குறைந்தது இரட்டை நுழைவு விசா வேண்டும். ஒற்றை நுழைவோடு போனால் திரும்பி வருவது சிக்கல். அந்தாட்டிக்கா போகிறவர்கள் கேப்டவுண், ஹோபார்ட், கிறைஸ்ட்சேர்ச், சிலியின் புன்ரா அரீனாஸ், ஆர்ஜென்ரீனாவின் உசுவாயா என்று எந்த வாசல் ஊர் வழியாகப் போகிறார்கள் என்று பார்த்து, அந்த நாட்டின் விசாவையும் இடைத்தங்கல் விசாவையும் எடுக்க வேண்டும்.

உடம்பு

இரத்தம், இதயம், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் பார்ப்பார்கள். பல்லை அதைவிடக் கூடுதலாகப் பார்ப்பார்கள். நிலையத்தில் பல் வைத்தியர் இருப்பது அபூர்வம், ஆகவே சூத்தைப் பல் ஒன்றே உங்கள் பயணத்தைத் தள்ளிப்போடலாம். குளிர்காலம் தங்கப்போகிறவர்களுக்குச் சோதனை இன்னும் கடுமை. 1961 ஏப்ரல் 30 அன்று சோவியத் நொவொலசரெவ்ஸ்கயா நிலையத்தின் ஒரே வைத்தியரான லியோனிட் ரொகோசோவ், வேறு வழியில்லாமல் தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தார். ஏன் இவ்வளவு கேள்வி கேட்கிறார்கள் என்று எரிச்சல் வந்தால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பில் ஷெல் துண்டு இருந்தால் மறைக்காதீர்கள். எக்ஸ்ரேயும் வைத்தியர் கடிதமும் எடுத்து விண்ணப்பத்தோடு இணையுங்கள். எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் அந்தத் தகவல் உயிரைக் காக்கும். நரம்போ இரத்தக்குழாயோ காயப்பட்ட கைகால் குளிரில் சீக்கிரம் பாதிக்கப்படும் என்பதால், அதைத் தெரிந்தவர்கள் உங்களுக்கு வேறு வேலை ஒதுக்குவார்கள். இதனால் மட்டும் உங்களை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம்.

உடுப்பும் ஒத்திகையும்

பருத்தி வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரப்பண்ணும். தோலோடு ஒட்டிக் கம்பளி அல்லது பொலியெஸ்ரர், அதற்கு மேல் ஃபிளீஸ் என்ற மென்மையான செயற்கைத் துணி, அதற்கு மேல் காற்றுப் புகாத சட்டை. காற்றுத்தான் எதிரி: −10 பாகையில் மணிக்கு 40 கிலோமீற்றர் காற்று அடித்தால் முகத்துக்கு அது −21 போல இருக்கும். கைக்கு மெல்லிய உள்ளுறையும் அதன்மேல் விரல் பிரியாத தடித்த உறையும். சப்பாத்து அளவு கேட்டால், பின்னேரத்தில், இரண்டு காலுறை போட்டு அளந்து கொடுங்கள். செருப்போடே வளர்ந்த பாதம் முன்பக்கம் அகலமாக இருக்கும், அகலத்தையும் எழுதுங்கள். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஒரு மாதமாவது நடந்து பழகுங்கள். ஏ9 ஓரத்தில் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஒத்திகைக்கு இரண்டு இடம். ஒன்று, தை மாத விடியற்காலை நுவரெலியா. தரையில் உறைபனி பிடிக்கிற நாளும் உண்டு, உங்கள் உடுப்பு அடுக்கு எங்கே காற்று விடுகிறது என்று அங்கே தெரிந்துவிடும். மற்றது, மீனுக்கு ஐஸ் அடிக்கிற தொழிற்சாலை. முதலாளியிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போய், உறை போட்ட கையால் முடிச்சுப் போடுங்கள், கருவியின் மூடியைத் திறந்து மூடுங்கள், பென்சிலால் எழுதுங்கள். கமராவின் பற்றரி எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று பாருங்கள். உதிரிப் பற்றரியை உடம்போடு ஒட்டிய பையில் வைக்க வேண்டும். வெளியே வரும் முன் கமராவைப் பிளாஸ்ரிக் பையில் இறுகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் சூடான காற்றின் ஈரம் வில்லைக்குள் படியும்.

வெயிலை மறக்காதீர்கள். லொங்யியர்பியெனில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஓகஸ்ட் பிற்பாதி வரை சூரியன் மறையாது. பனி வெயிலைத் திருப்பி அடிப்பதால் நாடியின் கீழும் மூக்குத் துவாரமும் கூடக் கருகும், கறுத்த தோலும் கருகும். நல்ல கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நின்றால் கண்ணுக்குள் மணல் போட்டதுபோல வலித்துப் பார்வை மங்கும்.

கப்பலில் போகிறவர்கள் முல்லைத்தீவுக் கடலில் தெரிந்த சம்மாட்டியோடு ஒரு நாள் போய் வாருங்கள். வாந்தி எடுப்பீர்களா என்று தெரிந்துகொள்வது நல்லது. மாத்திரையை ஆட்டம் தொடங்க முன் போட வேண்டும், தொடங்கிய பிறகு போட்டால் அதுவும் வெளியே வரும். தண்ணீரில் விழுந்தால்: முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்துவது மட்டுமே வேலை. அடுத்த பத்து நிமிடம்வரைதான் கைகால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஒரு மணி நேரம்வரை ஆகலாம், மிதப்புச் சட்டை போட்டிருந்தால்.

வீட்டுக்கு என்ன சொல்வது

தொடர்பு விட்டுப்போவது துருவத்தில் சாதாரணம். வன்னியில் ஒரு அம்மாவுக்கு அது சாதாரணமாக இருக்காது. யாரோ ஒருவருக்காக இன்னும் காத்திருக்கிற வீடுகள் இங்கே இருக்கின்றன. ஆகவே "போன் எடுப்பேன் அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எந்தத் திகதியில் எங்கே இருப்பீர்கள், எந்த நாட்களில் பேச முடியாது, எவ்வளவு நாள் தாமதமானால் யாரை அழைப்பது என்று தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஏற்பாட்டு அலுவலகத்தின் இலக்கமும் அதில் இருக்கட்டும். ஆங்கிலம் கதைக்கக்கூடிய ஒரு உறவினரை அதற்குப் பொறுப்பாக்குங்கள். வீட்டில் ஒரு சாவு நடந்தாலும் இடையில் திரும்ப முடியாமல் போகலாம் என்பதையும் முன்கூட்டியே கதைத்து முடியுங்கள். கடினமான பேச்சுத்தான்.

பெண் பிள்ளைகள் கூடாரம், கழிவறை, மாதவிடாய் ஏற்பாடுகளை வெட்கமில்லாமல் எழுதிக் கேளுங்கள், எல்லாத் திட்டத்திலும் அதற்குப் பதில் சொல்கிறவர் உண்டு. தொல்லை நடந்தால் யாரிடம் முறைப்பாடு செய்வது என்பதையும் கேட்டு வாங்குங்கள். அமெரிக்க அந்தாட்டிக் நிலையங்களில் பாலியல் தொந்தரவு எவ்வளவு பரவலாக இருந்தது என்று 2022இல் அறிக்கையே வந்தது. கேட்பதால் இடம் போய்விடும் என்றால் அந்த இடம் வேண்டாம்.

பெட்டி கட்டும்போது

1991இல் கையெழுத்தான சூழல் பாதுகாப்பு உடன்படிக்கைப்படி அந்தாட்டிக்காவுக்கு வெளிமண்ணும் விதையும் போகக் கூடாது. 2007–08 கோடையில் போனவர்களின் உடுப்பையும் பையையும் சோதித்தபோது, விதை சுமந்தவர்களிடம் சராசரியாக ஆளுக்கு 9க்கு மேல் இருந்தது. நம் வேலியில் காயப்போட்ட உடுப்பில் நாயுருவியும் ஒட்டுப்புல்லும் ஏறாமல் இருக்குமா? காலுறை, காற்சட்டை மடிப்பு, பையின் ஒட்டுப்பட்டி எல்லாவற்றையும் ஊசியால் கிளறி எடுங்கள். சப்பாத்தின் அடியில் செம்மண் ஒரு பொட்டும் இருக்கக் கூடாது. வீட்டில் இடித்த மிளகாய்த்தூளையும் கருவாட்டையும் விட்டுவிட்டு, கம்பனிப் பொதியில் அடைத்த தூளைக் கொண்டுபோங்கள். ஹோபார்ட்டிலும் கிறைஸ்ட்சேர்ச்சிலும் சுங்கப் படிவத்தில் அதையும் எழுதிக் காட்ட வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும்

முதல் நாட்கள் பாதுகாப்புப் பயிற்சியிலேயே போகும். பனிப்பாறையில் கொடி நட்டுக் காட்டிய பாதையை விட்டு இறங்காதீர்கள் என்பார்கள், மேலே பனி மூடியிருக்க அடியில் ஆழமான வெடிப்பு இருக்கும். கண்ணிவெடிப் பலகைக்கு அப்பால் கால் வைக்காமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை இரண்டு தடவை சொல்லத் தேவையிருக்காது.

சுவால்பாரில் ஊருக்கு வெளியே போகும்போது துருவக் கரடியை விரட்ட வழி வைத்திருக்க வேண்டும், அதற்காகத் துப்பாக்கிப் பயிற்சியும் கொடுப்பார்கள். துப்பாக்கியைத் தொட மனமில்லையென்றால் பயிற்றுநரிடம் நேரே சொல்லுங்கள், குழுவில் இன்னொருவர் காவல் எடுப்பார். காரணம் விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

வெளியே நிற்கும்போது ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் தோலில் உறைகாயம் சிவக்காது. மெழுகு பூசியதுபோல வெளிறி, சாம்பல் நிறமாகி, உணர்ச்சி விட்டுப்போகும். உங்களோடு வந்த வெள்ளைக்காரருக்கு அது தெரியாமல் இருக்கலாம், முதல் நாளே சொல்லி வையுங்கள். கண்டால் தேய்க்காதீர்கள். உள்ளே கொண்டுபோய் 37 முதல் 39 பாகை வரை சூடான தண்ணீரில் வையுங்கள். மறுபடி உறைய வாய்ப்புள்ள இடத்தில் இளக்கவே வேண்டாம். காலுறை ஈரமென்றால் உடனே சொல்லி நிறுத்துங்கள். மற்றவர்களைக் காக்கவைக்கிறோமே என்று நம் ஆட்கள் வாய் திறக்காமல் நடப்பார்கள், அங்கே அந்த மரியாதை செல்லாது. காலுறை மாற்ற ஐந்து நிமிடம், காய்ந்தது ஒரு சோடி எப்போதும் சட்டைக்குள்.